இரண்டாவது போர்டில் நானும் அவரும்

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஓரத்து மேஜையில், நாங்கள் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலி. அவருடைய போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவர், கையிலிருந்த நெத்திலியை வாயில் போடாமல் டப்பா மூடியில் வைத்தார்.

“பேரிங் வந்துட்டு. யாருக்கு யாருன்னு போட்டுட்டாங்க.”

“எனக்கு யாரு?”

போனை என் பக்கம் திருப்பினார். கடைசி ரவுண்டு, இரண்டாவது போர்டு. வெள்ளைக் காய்களுக்கு நேராக பாலகுரு என்று இருந்தது. அது என் கணவர். கறுப்புக்கு நேராக வாணி. அது நான்.

தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையை ஒட்டிய மண்டபம் அது. முதல் நாள் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் கட்டிய வாழைமரம் அப்படியே நின்றது. மேடையில் மாப்பிள்ளை பெண் பெயரை ஒட்டியிருந்த தெர்மாகோல் எழுத்துகளில் பாதியைத்தான் பிய்த்திருந்தார்கள். அந்த மேடைக்கு எதிரே வரிசையாக மேஜை போட்டு, எங்கள் மாவட்ட செஸ் தேர்வுப் போட்டியை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மாநிலப் போட்டிக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள். ஓர் இடத்தை ஒரு கல்லூரி மாணவர் ஏற்கெனவே பிடித்துவிட்டார். இனி யாரும் அவரை எட்ட முடியாது. மிச்சம் ஓர் இடம். நானும் என் கணவரும் ஒரே புள்ளியில் இருந்தோம். எங்களுக்கு அரைப் புள்ளி பின்னால் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர். எங்களில் ஒருவர் ஜெயித்தால் ஜெயித்தவர் போகலாம். நாங்கள் டிரா செய்து, பட்டுக்கோட்டைக்காரர் தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டால், அவரும் எங்கள் புள்ளிக்கு வந்து, சமநிலையை உடைக்கும் கணக்கில் எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விடுவார்.

நானும் சரி, அவரும் சரி, இத்தனை வருஷம் ஆடியும் மாநிலப் போட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

“என்ன பண்ணப்போறீங்க?” என்று கேட்டேன்.

“ஆடப்போறேன்.”

“எப்படி ஆடப்போறீங்க?”

“எப்படின்னா?”

“நான் எதைக் கேக்குறேன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் டப்பாவை மூடினார். “கை கழுவிட்டு வர்றேன்” என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் செஸ் கற்றுக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். தரங்கம்பாடியில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை மேலே ஏற்றிவிட்டு எங்கள் தெரு முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்காரும். அப்போது விளையாட்டு அலமாரியிலிருந்து நானும் அண்ணனும் எடுத்த பெட்டியில்தான் எல்லாம் தொடங்கியது. அதைப் படித்த மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கணவரும் போட்டிகளில் ஆடுகிறவர் என்கிறீர்களே, வீட்டில் ஆடினால் யார் ஜெயிப்பீர்கள்?”

அந்தத் தஞ்சாவூர் போட்டி நடந்த சமயத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் என் பதில் இதுதான்: நாங்கள் வீட்டில் ஆடுவதில்லை. பல வருஷமாக ஆடவில்லை.

செஸ் இல்லாத வீடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வண்டியில் போட்டிக்குப் போவோம். திரும்பி வந்ததும் சமையலறை மேடையிலேயே போர்டை வைத்து, அவர் ஆட்டத்தை நானும் என் ஆட்டத்தை அவரும் பிரித்து மேய்வோம். அவர் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் வேலை முடிந்து வந்தால் பேச இருக்கும் விஷயம் இது ஒன்றுதான் என்று எங்கள் மகள் கேலி செய்வாள். எல்லாம் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாகப்பட்டினத்தில் தோற்றது

நாங்கள் முதலில் சந்தித்ததே போர்டுக்கு இரண்டு பக்கமும்தான். நாகப்பட்டினத்தில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டி. ஆட்டத்தின் நடுவில் அவர் டிரா கேட்டார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். தோற்றேன்.

வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தார். “தப்பா நெனைக்காதீங்க. அந்த டிராவ நீங்க ஒத்துக்கிட்டிருக்கலாம்ல?”

“ஒத்துக்கிட்டா நீங்க எப்படி ஆடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டத்தை மறுபடி அடுக்கி, நான் எங்கே தவறினேன் என்று காட்டினார். ஓர் இடத்தில் அவரும் தவறியிருந்ததை நான் காட்டினேன். “அட ஆமா!” என்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ‘அட ஆமா’வில்தான் நான் விழுந்தேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கீழ்வேளூர் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பம் அவருடையது. எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். கல்யாணம் என்று பேச்சு எடுத்தபோது இரண்டு பக்கமும் எவ்வளவு சத்தம் வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். என் அப்பா மட்டும் அதிகம் பேசவில்லை. இவரை வரச்சொல்லி ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டார்.

“இந்த வெளையாட்டுல ஜெயிச்சா என்ன தம்பி குடுப்பாங்க?”

“கப்பு குடுப்பாங்க மாமா.”

“அத வச்சு மீன் கொழம்பு வைக்க முடியாதே” என்றார் அப்பா. பிறகு அவரே சிரித்துவிட்டார். அத்தோடு எங்கள் பக்கத்து எதிர்ப்பு முடிந்தது.

தட்டில் வைத்துக் கொடுத்த ராணி

கல்யாணமான புதிதில் கரந்தையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தினமும் சாயங்காலம் ஆடுவோம். அப்போது அவர் என்னைவிடப் பலசாலி. பெரும்பாலும் நான்தான் தோற்பேன். எப்போதாவது ஜெயித்தால் அன்று குழம்புக்கு உப்பு போட்டேனா என்றே தெரியாது, அவ்வளவு சந்தோஷம்.

முதலில் உண்டான கரு தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். சில நாள் கழித்து அவர் போர்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றேன். “சும்மா ஒரு ஆட்டம்” என்றார். ஆடினோம். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், தன் ராணியைக் கொண்டுவந்து என் மந்திரியின் வாயில் வைத்தார். வைத்துவிட்டுக் கவனிக்காததுபோல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

நான் அந்த ராணியை எடுக்கவில்லை. போர்டைத் தள்ளிவிட்டேன். காய்கள் கட்டிலுக்கு அடியில் உருண்டன.

“நான் அழறேங்குறதுக்காக நீங்க தோக்க வேணாம். இதுக்கு முன்னாடி நான் ஜெயிச்சது எல்லாம் நெசமா பொய்யான்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னைக்கு மட்டுந்தான் வாணி. உன் மொகத்தப் பாக்க முடியல.”

அவர் சொன்னது உண்மை என்று இப்போது தெரியும். அன்று நம்ப முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் எதிரே உட்காரவில்லை. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், திருச்சியில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போனாள். வருத்தம் எப்போதோ கரைந்துவிட்டது. ஆடாத பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. போட்டிகளிலும் எங்கள் பெயர்கள் ஒரே வரிசையில் வந்ததே இல்லை, தஞ்சாவூர் மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

கை குலுக்கினோம்

இரண்டாவது போர்டில் போய் உட்கார்ந்தேன். குறுவை அறுவடை நேரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறுப்பு மிஷின் ஓடும் சத்தமும், காற்றில் வந்த தூசியும், நேற்றைய சாம்பார் வாசனையும் சேர்ந்து மண்டபத்தில் நின்றன. அங்கங்கே தும்மல்.

நடுவர் எங்கள் மேஜைக்கு வந்து குனிந்தார். இளைஞர். சொல்லவே கூச்சப்பட்டார்.

“அண்ணே, அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் உங்க போர்டத்தான் பாக்குறாங்க. ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்துட்டாங்கன்னு பேச்சு வரக் கூடாது.”

“வராது தம்பி” என்றார் அவர்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விவசாயிகள் மோட்டார் விலையைக் குறைத்துக் கேட்கும்போது ஒரு முகத்தை வைத்துக்கொள்வார், அதை வைத்திருந்தார். அதிலிருந்து எதையும் படிக்க முடியாது.

ஆட்டம் தொடங்கும் முன் கை குலுக்க வேண்டும் என்பது விதி. அவர் கையை நீட்டினார். நாகப்பட்டினத்துக்குப் பிறகு நாங்கள் கை குலுக்கியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து போர்டில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

அவர் எப்போதும் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத்தான் முதலில் தள்ளுவார். அதற்கான பதிலை நான் தூக்கத்திலும் ஆடுவேன். அன்று ராஜாவின் முன்னாலிருந்த சிப்பாயைத் தள்ளினார். அதைத் தொடர்ந்து வந்ததெல்லாம் நான் பார்த்தே இராத வழி. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறார்! எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தோற்க நினைக்கிறவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார்.

ஆனால் அந்த ஆறுதல் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

சும்மா கிடந்த குதிரை

நடு ஆட்டம். பக்கத்துக்கு ஒரு ராணி, ஒரு யானை, ஒரு குதிரை, கொஞ்சம் சிப்பாய்கள். இருவருக்கும் சமமான நிலை. பட்டுக்கோட்டைக்காரர் தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு, காகிதக் கோப்பையில் டீயோடு வந்து தள்ளி நின்றார். நாங்கள் டிரா செய்ய வேண்டும் என்று அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. பாவம், அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்போது என் கணவர் தன் குதிரையை எடுத்து, என் ராணி வெட்டக்கூடிய இடத்தில் வைத்தார். அதற்குக் காவல் எதுவும் இல்லை. கடிகாரத்தை அமுக்கிவிட்டு, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. இத்தனை பேர் முன்னால், நடுவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தட்டில் வைத்து நீட்டுகிறார். கரந்தை வீட்டுக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. ‘சரி, எடுத்துக்கொண்டு ஜெயித்துவிட்டுப் போகிறேன், வீட்டுக்கு வாங்க பேசிக்கலாம்’ என்று கை என்னையறியாமல் ராணியின் தலைக்கு மேல் போய்விட்டது.

தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். தொடுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டேன். கோபத்தில் ஆடக் கூடாது என்பது மட்டும் எப்படியோ ஞாபகத்துக்கு வந்தது. நடுவரிடம் சைகை காட்டிவிட்டு, கூடத்தின் ஓரத்தில் இருந்த குழாயில் முகத்தைக் கழுவினேன். என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எதிரே இருப்பவர் யார் என்பதை மறந்துவிட்டுப் போர்டை மட்டும் பார்த்தேன்.

அப்போதுதான் தெரிந்தது.

குதிரையை நான் வெட்டினால், என் ராணி அதுவரை காத்துவந்த கடைசி வரிசைக்குக் காவல் குறைந்துவிடும். அவர் தன் ராணியை நேராக அந்த வரிசையில் இறக்கி செக் சொல்வார். என் யானை அதை வெட்டித்தான் ஆக வேண்டும். அடுத்து அவருடைய யானை வந்து என் யானையை வெட்டும். என் ராஜா தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் நகர வழியில்லாமல் நிற்கும். மேட்.

தன் ராணியையே பலி கொடுத்து என்னைச் சாய்க்கப் பார்த்திருக்கிறார் மனுஷன்!

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வாய்விட்டுச் சிரித்துவிடுவேனோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். இவர் என்னை ஏமாற்றப் பார்க்கிறார். என்னைத் தோற்கடிக்க இவ்வளவு யோசித்திருக்கிறார். நாகப்பட்டினத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அதே ஆள்தான் இவர்.

ராஜாவின் ஓரத்தில் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினேன். அவ்வளவுதான். ராஜாவுக்கு மூச்சுவிட ஒரு வழி கிடைத்தது. இனி அந்தக் குதிரை நிஜமாகவே சும்மா கிடக்கிறது.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் குனிந்து போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. குதிரையைப் பின்வாங்கினார். அந்த இடைவெளியில் என் ராணி இடது பக்கம் இறங்கி ஒரு சிப்பாயைத் தின்றது.

மீதி ஆட்டம் முழுவதும் அந்த ஒரு சிப்பாய் வித்தியாசம்தான். அவர் சுலபத்தில் விடவில்லை. ராணிகள் போயின, குதிரைகள் போயின. யானையை வைத்துக்கொண்டு என் ராஜாவைத் துரத்து துரத்தென்று துரத்தினார். என் கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நான் அவசரப்பட்டு யானையைத் தவறான கட்டத்தில் வைத்தேன். அவர் உடனே பாய்ந்தார். நூலிழையில் தப்பித்தேன். கடைசியில் என் சிப்பாய் ராணியாவதற்கு ஒரு கட்டம் இருந்தபோது அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தினார்.

“நல்லா ஆடுன” என்று கையை நீட்டினார். கை ஈரமாக இருந்தது. அவர் கையா, என் கையா, தெரியவில்லை.

பெரிய மனசு

எழுந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். என்னிடம் வாழ்த்துச் சொன்னவர்களைவிட அவர் தோளைத் தட்டியவர்கள் அதிகம்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு.”

“குதிரைய வச்சப்பவே நெனச்சேன், வீட்டுக்காரம்மாவுக்காக வச்சிட்டீங்கன்னு” என்றார் பட்டுக்கோட்டைக்காரர். என் பக்கம் திரும்பி, “நீங்கதான் கௌரவம் பாத்து எடுக்கல போலருக்கு” என்றார்.

என் சந்தோஷம் சட்டென்று வடிந்தது. என்ன சொன்னாலும் மனைவி சமாளிப்பதாகத்தான் தெரியும்.

என் கணவர்தான் பேசினார். “ஒக்காருங்க” என்று பட்டுக்கோட்டைக்காரரை என் நாற்காலியில் உட்காரவைத்தார். மளமளவென்று காய்களை அந்த நிலைக்கு அடுக்கினார். “இப்ப எடுங்க குதிரைய.”

அந்த மனிதர் எடுத்தார். ராணி இறங்கியது. செக். யானை வெட்டியது. யானை வெட்டியது. மேட்.

பட்டுக்கோட்டைக்காரர் வாயைப் பிளந்தார். “அட! நான் மாட்டியிருப்பேன் சார்.”

“மாட்டியிருப்பீங்க. அவ மாட்டல” என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குப் புறப்பட்டோம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அவர் ஓரமாக, மெதுவாக ஓட்டினார். நான் பின்னாலிருந்து கேட்டேன்.

“கோவமா?”

“ஆமா.”

“எம் மேலயா?”

“தோத்தா கோவம் வராதா? நானும் மனுஷன்தான!”

அதைவிட இனிப்பான ஒரு வார்த்தையை எங்கள் குடித்தனத்தில் நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாமல் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கோபம் நாலைந்து நாள் இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் போர்டை எடுத்து வைத்து, “வா, ஒக்காரு” என்றார். உட்கார்ந்தேன். அன்று நான் மோசமாகத் தோற்றேன். மறுநாளும் உட்கார்ந்தேன்.

கீழ்வேளூரில்

அதற்கடுத்த மாதம் அவருடைய அக்கா பேத்திக்குக் காதுகுத்து. சம்பா நடவு முடிந்து ஊரே கொஞ்சம் கையை மடக்கி உட்கார்ந்திருந்த சமயம். கீழ்வேளூருக்குப் போயிருந்தோம்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம்போல என்னோடு நேருக்கு நேர் பேசாதவர். என்னிடம் சொல்ல வேண்டியதைத் தூணைப் பார்த்துச் சொல்வார். என் மகள் பிறந்த பிறகுதான் தூணை விட்டார். இப்போது மகனுக்குப் போன் செய்தாலும், “அவகிட்ட குடு” என்பதுதான் முதல் வார்த்தை.

பந்தியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமியார் வடைத் தட்டோடு வந்தார். எதிர் வரிசையில் இருந்த உறவினர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

“எம் புள்ள மாதிரி வருமா? ரெண்டு பேருக்கும் போட்டி வந்துச்சாம். பொண்டாட்டி போவட்டும்னு இவன் விட்டுக்குடுத்துட்டான்.”

எல்லாரும் அவரைப் பார்த்து “அடடா” என்றார்கள். அத்தை ஆசையாகத்தான் சொல்கிறார், போகட்டும் என்று நான் இலையைப் பார்த்தேன்.

“அம்மா” என்று அவர் குரல் உயர்ந்தது. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. “நான் ஒண்ணும் விட்டுக்குடுக்கல. என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்தேன். அவள ஏமாத்தக்கூடப் பாத்தேன். முடியல. தோத்துட்டேன்.”

பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார்.

“நெசமாவாடா?”

“சத்தியமா.”

மாமியார் என்னைப் பார்த்தார். “இவனயா? ஊர்ல ஒருத்தன் இவன ஜெயிச்சதில்லயே!”

“ஆமா அத்தை” என்றேன்.

என்னை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தார். பிறகு என் இலையில் இரண்டு வடையை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அங்கே திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள், என் பக்கம் காட்டி அவரிடம் ஏதோ விசாரித்தது தெரிந்தது. மாமியார் நிமிர்ந்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்.

“அதுவா? எம் மருமவ. எம் புள்ளையவே தோக்கடிச்சவ.”